காதல் நாவல் கொடுக்கும்போது முடிவைச் சொல்வீர்களா?

திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்:

எங்கள் கம்பெனி வேனில் புத்தகம் கைமாறுவது பழைய வழக்கம். ஓவர்லாக் தைக்கிற அக்கா படித்து முடித்தால் கைமடிக்கிற பெண்ணிடம் போகும். அவளிடமிருந்து எனக்கு வரும். பெரும்பாலும் ரமணிசந்திரன் நாவல்கள், இல்லாவிட்டால் மாத நாவல்கள். யாரோ ஒரு புண்ணியவதி எல்லாவற்றுக்கும் காலண்டர் தாளில் அட்டை போட்டுவைத்திருக்கிறாள். அதனால் வெளியே பார்த்தால் எல்லாப் புத்தகத்திலும் முருகன்தான் நிற்பார்.

அதில் ஒரு நாவல், மூடிப்போன வாடகை நூல் நிலையத்திலிருந்து எடைக்கு வந்தது. கடைசித் தாள்கள் இல்லை. நாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்குகிறாள், அதோடு முதுகு அட்டை. வேன் முழுக்கச் சுற்றிவந்தும் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. கைமடிக்கிற பெண்ணிடம் கேட்டேன். “அவன் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டிருப்பான், அவ்வளவுதானே அக்கா?” என்றாள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. சேர்ந்துவிடுவார்கள் என்ற உறுதியின் பேரில்தான் நாங்கள் அந்த வகை நாவலைத் தொடுகிறோம். எட்டு மணி நேரம் குழல் விளக்கின் கீழே நின்று ஓட்டையும் கறையும் தேடிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த உறுதி தேவைப்படுகிறது. அதைக் கேலி செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். ஓவர்லாக் அக்காவுக்கு மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘பால்யகால சகி’ கொடுத்தேன். மஜீதும் சுகறாவும் சின்ன வயதில் அடித்துக்கொள்கிற இடங்களை அக்கா சிரித்துச் சிரித்து வேனில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று வாத்தியார் கேட்க, மஜீத் ‘கொஞ்சம் பெரிய ஒன்று’ என்கிற இடத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். முடித்த மறுநாள் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டுக்குப் போய்விட்டார். “அவள் செத்துப்போவாள் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம் அல்லவா?”

நான் சொல்லியிருக்க மாட்டேன். மஜீத் ஊரைவிட்டுப் புறப்படும்போது சுகறா ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், பஸ் ஹாரன் அடித்துவிடுகிறது. அவள் சாவாள் என்று முன்பே தெரிந்தால் அந்த ஹாரனை நாம் வேறு மாதிரி கேட்போம். பிறகு அதே அக்காதான் பஷீரின் ‘மதில்கள்’ நாவலைக் கேட்டார். முடிவைச் சொல்லட்டுமா என்றேன். “யாராவது சாவார்களா, அதை மட்டும் சொல்” என்றார். இல்லை என்றதும் வாங்கிக்கொண்டார். சிறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நாராயணி தூக்கிப்போடுகிற சுள்ளியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காமல் இப்படி ஒரு காதலா என்று.

நீங்கள் எப்படி? சொல்லிவிட்டுக் கொடுப்பீர்களா, சொல்லாமலா?

திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்:

சொல்லித்தான் ஆக வேண்டும் என்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாக் காதல் நாவலும் வெறும் நாவலாக இருந்துவிடுவதில்லை.

என் நண்பன் வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டு ஊருக்கு வெளியே வீடு பார்த்துக் குடியேறினான். சோறு ஆக்கிச் சாப்பிட ஆரம்பித்த முதல் மாதம். இலக்கியம் படிக்கிற ஒருவர் அந்தப் பெண்ணுக்குப் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைப் பரிசாகக் கொடுத்தார். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல நாவல், 2013இல் வந்தது, ஆங்கிலத்துக்குப் போய் 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியல் வரை ஏறியது, உங்களைப் போன்றவர்களின் கதை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

படித்தவர்களுக்குத் தெரியும். சோடாக் கடையில் வேலை பார்க்கிற குமரேசன் சரோஜாவைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்கு அழைத்துவருகிறான். மரம் மட்டை இல்லாத பாறைமேல் வீடு. மாமியார் மாராயி எந்நேரமும் ஒப்பாரி வைத்தே மருமகளைத் திட்டுகிறாள். எந்தச் சாதி என்று நாவலில் ஓர் இடத்திலும் சொல்லியிருக்காது, எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. அந்தப் பெண் பாறைக்கு வந்து சேர்ந்த பக்கங்களோடு நிறுத்திவிட்டாள். புத்தகத்தைத் துணி பீரோவின் மேல்தட்டில் கவிழ்த்துவைத்திருந்ததை நான் பார்த்தேன். “இதன் முடிவு உங்களுக்குத் தெரியுமா அண்ணா?” என்று என்னிடம் கேட்டாள். தெரியும் என்றேன். “சொல்லாதீர்கள்” என்றாள். அதற்குமேல் அவள் படிக்கவும் இல்லை.

திருப்பூர் அக்கா, உங்கள் வேனில் ஒருவர் கோபித்துக்கொண்டு முன்சீட்டுக்குப் போகிறார், அது அன்றோடு தீர்ந்துவிடும். இங்கே ஒரு பெண் இரவில் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறாள். புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, நான் படித்த காதல் நாவல்களில் அதற்குத்தான் முதலிடம் தருவேன். சாதி பார்க்கிற வீட்டுப் பையன்களுக்குத் தேடிப்போய்க் கொடுக்கிறேன், முடிவு சொல்லாமல்தான் கொடுக்கிறேன். அவர்கள் தூக்கம் கெட்டால் கெடட்டும். அந்தப் பயத்திலேயே குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கொடுப்பதென்றால் மட்டும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிறகு படிப்பதும் படிக்காததும் அவர்கள் விருப்பம்.

ஈரோடு, கல்லூரி விடுதி மாணவி:

எங்கள் விடுதியில் தமிழ் நாவல்கள் குறைவு. செல்போனில் ஆங்கில இளையோர் நாவல்கள்தான் சுற்றுகின்றன. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அட்டையில் பூப் போட்டிருந்தால் எல்லாம் காதல் கதை, எல்லாம் இளையோர் நாவல் என்று நினைத்துக்கொண்டு கைமாற்றுகிறார்கள். காலின் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ அப்படித்தான் எங்கள் அறைக்கு வந்தது. அது பெரியவர்களுக்கு எழுதிய நாவல். பாதிக்குமேல் கணவன் மனைவியை அடிக்கிற கதை. ஆசிரியர் தன் அம்மா பட்டதிலிருந்து எழுதியதாகப் பின்குறிப்பில் சொல்லியிருக்கிறார். ‘செம லவ் ஸ்டோரி’ என்று கொடுத்தவளுக்கு அது தெரியாது, அவளே முழுதாகப் படித்திருக்கவில்லை. வாங்கிய தோழியின் வீட்டிலோ அதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது. அவள் முழுவதும் படித்தாள், ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருந்துவிட்டாள். எனவே நான் திருச்செங்கோடு அண்ணன் கட்சி.

ஆனால் ஜான் கிரீன் எழுதிய ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலை முடிவு தெரிந்தே படித்தேன், தெரிந்தே அழுதேன். புற்றுநோய் வந்த இரண்டு பேர், ஒருவர் போய்விடுவார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அதில் பிடித்தது வேறு. நாயகி ஹேசல் உயிராய் நினைக்கிற ஒரு நாவல் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. அப்புறம் அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க, ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு ஆசிரியரைத் தேடி ஆம்ஸ்டர்டாம் போகிறாள். இப்படித் தமிழில் யாராவது போயிருக்கிறார்களா?

காங்கேயம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

போகவில்லை அம்மிணி, கடிதம் எழுதினார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. முடிந்த பிறகு, குந்தவைக்கு என்ன ஆயிற்று, வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று வாசகர்கள் கேட்டுக் குவிக்க, கல்கி முடிவுரையில் உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். அதில் அந்த முடிவுரை மட்டும் அதிகம் கசங்கியிருக்கும்.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நாவலில் அரவிந்தன் இறந்துபோகிறான். பூரணி தனித்து நிற்கிறாள். சாகிறவன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாமா என்று எந்தத் தகப்பனும் தயங்கவில்லை. என் வகுப்புகளில் அரவிந்தன்களும் பூரணிகளும் வந்துகொண்டே இருந்தார்கள். சோக முடிவைக் கண்டு வாசகன் ஓடிவிடுவான் என்று நினைக்கிறவர்கள் அந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

என் பேத்திக்கு ‘சிவகாமியின் சபதம்’ கொடுத்தேன். முடிவு சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு மாமல்லன் பாண்டிய இளவரசிக்குக் கணவனாகிப் பிள்ளைகளோடு இருப்பதும், சிவகாமி ஏகாம்பரநாதர் சன்னிதியில் தாலி கட்டிக்கொள்வதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. “அப்புச்சி, இவன் எல்லாம் ஒரு ராஜாவா?” என்று சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டைக்காகத்தான் கொடுத்தேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் ராஜதர்மம் என்று நான் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பேன், அவள் தலையாட்டியிருப்பாள். அதில் என்ன சுகம்?

உள்ளூர்க்காரன் என்ற முறையில் ஒன்று. கீரனூர் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை இளைஞர்களுக்குக் கொடுங்கள். 1942இல் வந்தது, எழுதும்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்காது. அதைக் காதல் நாவல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணவனை இழந்தவள், தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், ஊர் வாய்க்கு அஞ்சாமல் கெட்டியப்பனோடு பழகுகிறாள். ஆசைக்கும் காட்டுக்கும் எங்கள் பக்கத்தில் எவ்வளவு நெருக்கம் என்பது அதில் தெரியும். முடிவு கொலை. இதை நான் சொல்லியே கொடுக்கிறேன். யார் யாரைக் கொல்வது என்பதைச் சொல்வதில்லை.

கோபிசெட்டிபாளையம், பெயர் சொல்ல விரும்பாதவர்:

சொல்லலாமா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டே சுகறா, அரவிந்தன், சிவகாமி என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டீர்கள். ‘பால்யகால சகி’ என் தலைமாட்டில் பாதியில் இருக்கிறது. நன்றி, ஐயாமார்களே, அம்மாமார்களே.

உடுமலைப்பேட்டை, பள்ளி நூலகப் பொறுப்பாளர்:

கோபிக்காரரே, படித்து முடியுங்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எனக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் பையன்கள் காதல் நாவல் வேண்டும் என்று வாய் திறந்து கேட்பதே இல்லை. பெண் பிள்ளைகள் மேசைக்கு வந்து தைரியமாகக் கேட்கிறார்கள். பையன்கள் அலமாரிக்கு நடுவில் நின்றுகொண்டு க்ரைம் நாவல் தேடுவதுபோல நடிக்கிறார்கள். அவர்களுக்குக் காதல் என்று சொல்லாமல் காதல் இருக்கிற புத்தகமாகக் கொடுக்க வேண்டும்.

மேல்வகுப்பு முடித்துப் போகிறவர்களுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யைச் சொல்கிறேன். ஐந்து நண்பர்கள், திருப்பூர், பனியன் தொழில், பணம், பெண்கள். பள்ளிச் சிறுவர்களுக்கு ஆகாது, பெரிய புத்தகமும்கூட. ஆனால் லீவுக்குக் கம்பெனி வேலைக்குப் போய்வந்த பையன் அதைக் கீழே வைப்பதில்லை. கிரிக்கெட் பைத்தியங்களுக்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. செகந்திராபாத், சுதந்திரத்தை ஒட்டிய நாட்கள், கிரிக்கெட் ஆடுகிற, மாடு தேடி அலைகிற சந்திரசேகரன். சிரிப்பாகவே போய்க்கொண்டிருக்கும். கடைசியில் கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுவான், அங்கே ஒரு பெண்பிள்ளை செய்கிற காரியத்தைப் பார்த்து ஓடுவான். அதை மட்டும் நான் பையனிடமும் சொல்ல மாட்டேன், அவன் அப்பாவிடமும் சொல்ல மாட்டேன். படித்துவிட்டு வந்த ஒருவன் புத்தகத்தை மேசையில் வைத்து, “சார், இந்த மாதிரி இன்னொன்று வேண்டாம், கொஞ்ச நாள் கழித்துக் கொடுங்கள்” என்றான். கொஞ்ச நாள் கழித்துக் கேட்கவும் செய்தான். ஆதவனின் ‘என் பெயர் ராமசேஷன்’ கொடுத்தேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். அதில் தன்னைப் பார்த்திருப்பான் போல.

கோவை, புத்தகக் கடை ஊழியர்:

விற்கிறவன் நிலைமை வேறு. முடிவைச் சொன்னால் சிலர் வாங்காமல் போவார்கள், சொல்லாவிட்டால் சிலர் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். எழுதுகிறவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். டிக்கன்ஸ் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் பிப்பையும் எஸ்டெல்லாவையும் முதலில் பிரித்துத்தான் எழுதினார். நண்பரான இன்னொரு நாவலாசிரியர் சொன்னதன் பேரில், 1861இல் அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவைப்பதுபோல மாற்றிவிட்டார். எது சரி என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை.

நம் பக்கத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ‘மாதொருபாகன்’. 2010இல் வந்தது. பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் அவ்வளவு பிரியமாக இருக்கிறவர்கள், கடைசியில் அவன் பூவரச மரத்தடியில் நிற்பதோடு நாவல் நின்றுவிடும். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்காத வாசகர் இல்லை. பெருமாள்முருகன் 2014இல் அதற்கு ஒன்றுக்கு இரண்டாகத் தொடர்ச்சி எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிட்டான். ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொண்டான். எதை முன்னால் படித்தாலும் சரிதான்.

தொடர்ச்சி இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களிடம் இரண்டையும் மேசையில் வைத்து, இதில் அவன் இல்லை, இதில் இருக்கிறான் என்று மட்டும் சொல்வேன். கை பெரும்பாலும் ‘அர்த்தநாரி’ பக்கம்தான் போகும். ஈரோடு புத்தகத் திருவிழாவில் எங்கள் கடைக்கு வந்த ஓர் அம்மா, மஞ்சப்பையும் சீப்பு வாழைப்பழமுமாக நின்று இரண்டின் பின்னட்டையையும் படித்துப் பார்த்தார். “அவன் செத்த கதையையே கொடு சாமி. அதற்கப்புறம் அவள் எப்படிப் பண்ணயம் பார்த்தாள் என்று தெரிய வேண்டும்” என்றார். தள்ளுபடி எவ்வளவு என்றும் கேட்டார்.