மேகம் இறங்கினால் லோரா செத்துப் போகுமா? – எஸ்டேட் ஸ்டோர், மோட்டார் ரூம் வயர்லெஸ் அலாரம்

கட்டபெட்டு866:
குந்தாக்காரன் வேறொரு இழையில் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: “மலையில லோரா அலாரம் வீண் செலவு. மேகம் இறங்குனா 866 மெகாஹெர்ட்ஸை அப்படியே தின்னுடும். சிம் போட்ட அலாரம்தான் ஒரே வழி.” இதைப் படித்துவிட்டு வாங்கி வைத்த லோரா மாட்யூலை (சிம் இல்லாமல், குறைந்த பவரில் சில கிலோமீட்டர் தகவல் அனுப்பும் ரேடியோ) விற்கக் கிளம்பிவிட்டார்கள் சிலர். பதில் சொல்லாமல் விட முடியாது.

866 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். பனித்துளியோ மைக்ரான் கணக்கு. ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஆள் தெரியாத அடர்ந்த மூடுபனியிலும் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீர் அரை கிராம் அளவுதான். அதனால் 866ல் வரும் இழப்பு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெலில் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) நூறில் ஒரு பங்குகூட இல்லை. மழை சிக்னலை அடிப்பது 10 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால்தான். அந்தப் பக்கத்து அலைவரிசையில் ஓடும் வீட்டு டிஷ்ஷில் மழை வந்தால் படம் நிற்பது அதனால். டிஷ்ஷைப் பார்த்து லோராவுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

குந்தாக்காரன்:
புத்தகத்தை மூடி வைங்க சார். மேகம் இறங்குனா பாக்கெட் (லோரா அனுப்பற தகவல்) நிக்குது, விலகுனா திரும்ப வருது. மஞ்சூர், கெத்தை பக்கம் யாரை வேணும்னாலும் கேளுங்க. கண்ணு முன்னாடி நடக்கறதை இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. பனிமூட்டம் தின்னுது. அவ்வளவுதான்.

கட்டபெட்டு866:
பாக்கெட் நிற்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. நிறுத்துவது பனிமூட்டம் இல்லை என்கிறேன். கணக்கைப் போடுங்கள்.

தூரம் 3 கிலோமீட்டர். வெறும் காற்றில் இழப்பு 100.7 டெசிபெல். அனுப்பும் பவர் 14 டிபிஎம் (பவரை டெசிபெலில் சொல்லும் அலகு), இரண்டு பக்கமும் 2 டிபிஐ பெருக்கம் உள்ள ஆன்டெனா. கேட்வேயில் (சிக்னலை வாங்கும் பெட்டி) வந்து சேர வேண்டியது −83 டிபிஎம் அளவு. எஸ்எஃப்9 (லோராவின் வேக அமைப்பு, எண் கூடினால் வேகம் குறைந்து தூரம் கூடும்), 125 கிலோஹெர்ட்ஸில் எஸ்எக்ஸ்1276 லோரா சிப் −129 வரை கேட்கும். ஆக 46 டெசிபெல் கையிருப்பு.

இனி நம் ஊர்க்காரர்கள் மாட்டும் லட்சணத்தைப் பாருங்கள். ஸ்டோருக்கும் கேட்வேக்கும் நடுவே நூறு மீட்டர் சீகை மரக்காடு: மர இழப்பைக் கணிக்கும் வைஸ்பெர்கர் சமன்பாட்டில் 19 டெசிபெல் காலி. மேட்டின் முகடு குறுக்கே: 15. ஆர்ஜி58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் பத்து மீட்டர்: 5. மீதி 7. இந்த ஏழை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் “வெயில்ல நல்லா வருது” என்கிறார்கள். ஈரம் வந்ததும் இலையெல்லாம் நனைந்து காடு இன்னும் சில டெசிபெல் கேட்கும், கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர் மீதியைக் கேட்கும். குறை இலையிலும் கனெக்டரிலும். பழி பனி மேல்.

எமரால்டு_வயர்மேன்:
இலை, கனெக்டர் எல்லாம் சரி. அதுக்கு எதுக்கு லோரா? 4ஜி மாட்யூல் ஒண்ணு, 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒண்ணு, கதவுல ரீட் ஸ்விட்ச் (காந்தம் விலகினா அடிக்கறது). கதவு திறந்தா போன் அடிக்கும். முடிஞ்சது.

சீகைக்காடு:
போன் அடிக்க டவர் வேணுமே அண்ணே. ஸ்டோர் இருக்கற பள்ளத்துல சிக்னல் இருந்தா யாரு லோராவைத் தேடப்போறாங்க? மரம் விழுந்து கரண்ட் போனா டவர் பேட்டரியும் இறங்கிடும். அப்புறம் இன்னும் பல பேர் எஸ்ஐஎம்800ங்கற சிம் மாட்யூலை மாட்டுறாங்க. அது 2ஜி மட்டும்தான். ஜியோவுல 2ஜியே கிடையாது. சிம்மை மாத்தி மாத்திப் போட்டுட்டு மாட்யூல் கெட்டுப்போச்சுன்னு சொல்றது. அது அனுப்பும்போது 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், மெல்லிசு வயர்ல கொடுத்தா ரீசெட் ஆகிக்கிட்டே இருக்கும்.

எமரால்டு_வயர்மேன்:
எஸ்ஐஎம்800ன்னு நான் சொல்லவே இல்லை தம்பி. 4ஜின்னு எழுதியிருக்கேன். படிச்சுட்டுப் பேசுங்க.

புதுத்தோட்டம்:
வணக்கங்க. கூடலூர் பக்கம் மிளகு ஸ்டோர், வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர். நடுவுல ஒரு மேடு. 433 மெகாஹெர்ட்ஸ் ரெடிமேட் செட் ஒண்ணு பார்த்தேன், 5 கிலோமீட்டர் ரேஞ்சுன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

கட்டபெட்டு866:
வாங்காதீர்கள். 433 நம் நாட்டில் 10 மில்லிவாட்டுக்கு மட்டும் லைசென்ஸ் விலக்கு பெற்றது. 865 முதல் 868 வரை 1 வாட் ட்ரான்ஸ்மிட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம். 2005ல் 867 வரை இருந்தது, 2021ல் 868 வரை நீட்டினார்கள். மாட்யூல் வாங்கும்போது 868 என்று கேளுங்கள், அமைக்கும்போது 865.0625, 865.4025, 865.985 இந்த மூன்றில் ஒன்றை வையுங்கள். 915 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவைத் தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். ஆன்டெனா கனெக்டரில் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகை, இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும், ஆனால் நடு ஊசி இருக்காது. பார்க்க மாட்டினது போலவே இருக்கும், சிக்னல் போகாது. ஆன்டெனா இல்லாமல் பவர் கொடுத்தால் சிப்பின் பவர் பகுதி போய்விடலாம்.

மேடு இருக்கிறது என்றீர்கள். அதன் மேல் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) வைக்காமல் பவரைக் கூட்டிப் பயனில்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. உதாரணத்துக்கு, 4 கிலோமீட்டர் பாதையின் நடுவில் முதல் ஃப்ரெனல் வட்டத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி சிக்னல் பரவிப் போகும் பகுதி) ஆரம் 18.6 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது 11 மீட்டர், மரமும் மண்ணும் இல்லாமல் இருக்க வேண்டும். சில்வர் ஓக் உச்சியை உரசிக்கொண்டு போகிற பாதையை லைன் ஆஃப் சைட் (தடையில்லாத நேர்ப்பாதை) என்று சொல்லாதீர்கள்.

குந்தாக்காரன்:
பார்த்தீங்களா, இப்ப மரம், மேடு, ஃப்ரெனல்னு போயிட்டார். கேள்வி ஒண்ணுதான்: மேகம் இறங்குனா ஏன் நிக்குது? மரம் வெயில்லயும் அங்கதான் நிக்குது. மேடு வெயில்லயும் அங்கதான் இருக்கு. புதுசா வந்தது பனிமூட்டம் மட்டும்தானே?

கட்டபெட்டு866:
புதுசா வந்தது ஈரம். பனிமூட்டம் வேறு, ஈரம் வேறு. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். மேகம் நாலு நாள் நின்றால் சோலார் பேனலும் பத்தில் ஒரு பங்குதான் தரும். பேட்டரி சரிகிறது. 22 டிபிஎம்மில் எஸ்எக்ஸ்1262 லோரா சிப் சுமார் 118 மில்லிஆம்பியர் இழுக்கும். சரிந்த பேட்டரியில் அந்த நொடியில் வோல்டேஜ் குழிந்து கன்ட்ரோலர் ரீசெட் ஆகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு “மேகம் வந்தது, பாக்கெட் நின்றது” என்று தெரியும். பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் இந்த வாக்குவாதமே இல்லை.

சீகைக்காடு:
இந்த இடத்துல ஒண்ணு சேர்க்கணும். சின்ன நோடுக்கு (ஸ்டோர்ல இருந்து சிக்னல் அனுப்பற பெட்டி) லித்தியம் தயோனைல் குளோரைடு செல், அந்த 3.6 வோல்ட் ஏஏ சைஸ், போடறாங்க. வருஷக்கணக்குல வரும், உண்மை. ஆனா பாபின் வகை செல்லால 100 மில்லிஆம்பியர் டக்குன்னு தர முடியாது. அதோட பேரலல்ல ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் வேணும். ஒண்ணு பவரை 14 டிபிஎம்முக்கு இறக்குங்க, இல்ல கெப்பாசிட்டர் போடுங்க. ரெண்டும் செய்யாம செல் டூப்ளிகேட்னு கடைக்காரர்கிட்ட சண்டை போடறாங்க. சோலார்ல ஓட்டுறவங்க, ஊட்டி பக்கம் ஜனவரி உறைபனியில பூஜ்யத்துக்குக் கீழ போற ராத்திரி முடிஞ்சு காலையில பேனல் சார்ஜ் ஏத்த ஆரம்பிக்கும். அந்தக் குளிர்ல லித்தியத்தை சார்ஜ் பண்ணக் கூடாது. எல்எஃப்பியும் (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) அப்படித்தான். குளிர்ல சார்ஜை நிறுத்தற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கற போர்டு) பார்த்து வாங்குங்க.

குந்தாக்காரன்:
உறைபனி, செல், எல்லாம் வந்தாச்சு. பனிமூட்டத்துக்கு மட்டும் இன்னும் பதில் வரலை. கட்டபெட்டு சார் இருக்கற கோத்தகிரி பக்கம் மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைதான். தென்மேற்கு மழையில மூணு மாசம் மேகத்துக்குள்ள இருக்கற ஊரு எங்களுது. அவலாஞ்சியில பெய்யறதைப் பார்த்துட்டு வந்து கட்டபெட்டு சார் கணக்குப் போடட்டும்.

கட்டபெட்டு866:
மழை எந்த ஊரில் அதிகம் என்பதா விவாதம்? அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையிலும் 866ல் மழைத்துளியால் வரும் இழப்பு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெலைத் தொடாது. எவ்வளவு பெய்தாலும் இயற்பியல் குந்தாவுக்கு ஒன்று கோத்தகிரிக்கு ஒன்று என்று மாறாது.

எமரால்டு_வயர்மேன்:
எங்க பக்கத்து மழையைக் கேலி பண்ண வேண்டாம் சார். சோலார் வேலி இழையிலயும் இப்படித்தான் பேசினீங்க. எனர்ஜைசர் (வேலிக்கு ஷாக் கொடுக்கற பெட்டி) எர்த்துக்கு மூணு ராடு வேணும்னு நான் சொன்னப்ப ஒண்ணு போதும்னு சொன்னது யாரு?

கட்டபெட்டு866:
ஒன்று போதும் என்று நான் எழுதவில்லை. மண் ஈரமாக இருக்கும் மாதங்களில் ஒன்றிலும் ஓடும் என்றுதான் எழுதினேன். அதை வேலி இழையிலேயே பேசுங்கள். வேலியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ரீட் ஸ்விட்ச் வயரை வேலிக் கம்பிக்குப் பக்கத்தில் இணையாக இழுக்காதீர்கள். நொடிக்கு ஒரு பல்ஸ் அந்த வயரில் ஏறும், அலாரம் தானாக அடிக்கும். புல் தொட்டுப் பொறி பறக்கும் வேலி இன்னும் மோசம். வயர் சிறியதாக இருக்கட்டும், நோடு கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், லூப்பின் கடைசியில் ரெசிஸ்டர் போடுங்கள். வயரை வெட்டினாலும் அலாரம், ஷார்ட் செய்தாலும் அலாரம்.

புதுத்தோட்டம்:
ரிப்பீட்டர் மேட்டு மேல வைக்கறதுன்னா எத்தனை அடி கம்பம்? அப்புறம் கரடி, காட்டுமாடு வந்தா எல்லாம் அடிக்குமா?

சீகைக்காடு:
கம்பம் சுத்தி இருக்கற மரத்துக்கு மேல போகணும், அவ்வளவுதான் கணக்கு. 20 அடி ஜிஐ பைப், மூணு பக்கம் ஸ்டே. இடிக்கு என்-கனெக்டர்ல மாட்டற அரெஸ்டர், அதுக்குத் தனி எர்த். ரிப்பீட்டர் பெட்டியை கம்பத்து உச்சியிலேயே வைங்க. கேபிள் அரை மீட்டர்ல முடியும், ஆர்ஜி58 பிரச்சினையே வராது. கீழேதான் வைக்கணும்னா எல்எம்ஆர்400ங்கற தடிமன் கேபிள் வாங்குங்க, பத்து மீட்டருக்கு ஒண்ணேகால் டெசிபெல் சுமார்தான் போகும்.

மிருகம் வர்ற இடத்துல பிஐஆரை (உடல் சூடு அசையறதைப் பார்த்து அடிக்கற சென்சார்) வெளியில வைக்காதீங்க. கரடி, குரங்கு, காட்டுமாடு எல்லாத்துக்கும் அடிக்கும். ஒரு வாரத்துல நீங்களே ஆஃப் பண்ணிடுவீங்க. உள்ள வைங்க, ஏழடி உயரத்துல, ஜன்னல் வெயில் படாத பக்கம். கதவு ரீட் ஸ்விட்ச் அடிச்ச பத்து நொடிக்குள்ள பிஐஆரும் அடிச்சா மட்டும் சைரன். கதவு மட்டும் அடிச்சா போனுக்குத் தகவல் போதும். மழைக்காலத்துல மரக்கதவு ஊதும். காந்தத்துக்கும் ரீடுக்கும் நடுவுல இடைவெளி கூடிப்போய் சும்மா அடிக்கும். அகல இடைவெளி ரீட்னு கேட்டு வாங்குங்க.

எமரால்டு_வயர்மேன்:
எஸ்எஃப்12 போட்டா இந்தக் கம்பமே வேண்டாம். −137 வரைக்கும் கேட்கும். எட்டு டெசிபெல் சும்மா கிடைக்குது.

கட்டபெட்டு866:
சும்மா கிடைக்கவில்லை. 12 பைட் பாக்கெட் எஸ்எஃப்9ல் 0.14 நொடி, எஸ்எஃப்12ல் 1.15 நொடி. எட்டு மடங்கு நேரம் பேட்டரி இழுக்கும். பத்து நோடு இருந்தால் ஒன்றன் மேல் ஒன்று விழும். அலாரத்துக்கு ஒப்புகை கட்டாயம்: கேட்வே பதில் தராவிட்டால் 2 நொடி, 5 நொடி, 11 நொடி என்று இடைவெளி மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும். எஸ்எஃப்12ல் இந்த மறுமுயற்சிகளே ஒன்றையொன்று அடிக்கும். அதைவிட முக்கியம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்ற பாக்கெட், அதில் பேட்டரி வோல்டேஜும் கவுன்டர் எண்ணும். தொடர்ந்து மூன்று வராவிட்டால் அதையும் திருட்டு போலவே அறிவிக்க வேண்டும். இது இல்லாத அலாரம் செத்துப்போனதே தெரியாது, மோட்டாரின் காப்பர் வயர் போன பிறகுதான் தெரியும்.

அந்த பாக்கெட்டுகளின் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் பலம்), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு) இரண்டையும் சேமித்தால் குந்தாக்காரனின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். பனிமூட்டத்தில் எத்தனை டெசிபெல் குறைந்தது? அந்த எண்ணை இங்கே போடட்டும்.

குந்தாக்காரன்:
எண்ணு வேணுமா? பாக்கெட்டே வரலைன்னா எண்ணு எங்கிருந்து வரும்?

கட்டபெட்டு866:
நிற்பதற்கு முந்தைய பாக்கெட்டில் இருக்கும். மெதுவாகச் சரிந்திருந்தால் இலையும் கனெக்டரும். கடைசி வரை எண் நன்றாக இருந்து திடீரென்று நின்றிருந்தால் பேட்டரி. கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடு ஊசியில் பச்சை பூத்திருக்கும்.

எமரால்டு_வயர்மேன்:
கனெக்டர்ல நல்ல இன்சுலேஷன் டேப் சுத்தினா எந்தத் தண்ணியும் இறங்காது. அதுக்கு இவ்வளவு பேச்சு.

சீகைக்காடு:
பிவிசி டேப் ஒரு மழையில பசை விட்டுடும், உள்ள வந்த தண்ணி வெளிய போகவும் வழி இருக்காது. செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பை (தன்னோடு தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்) ரெண்டு மடங்கா இழுத்து, கீழ இருந்து மேல சுத்தணும். அதுக்கு மேல வெயிலுக்கு பிவிசி டேப். கேபிள் பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விடணும், தண்ணி அங்க சொட்டிடும்.

எமரால்டு_வயர்மேன்:
பிவிசி டேப்பைக் குறை சொல்ல வேண்டாம். லைன்மேன்ல இருந்து எல்லாரும் அதைத்தான் சுத்தறாங்க.

குந்தாக்காரன்:
டேப் சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. டேப் சுத்துன இடத்துலயும் பனிமூட்டத்துல நிக்குதுங்கறேன்.

கட்டபெட்டு866:
எந்த டேப்? எந்த ஆன்டெனா? எத்தனை மீட்டர் கேபிள்? நடுவில் என்ன மரம்? ஒன்றையும் சொல்லாமல் “பனிமூட்டம்” என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். லாக் (சேமித்த பதிவு) போடுங்கள்.

குந்தாக்காரன்:
லாக் உங்களுக்குப் போட வேண்டிய அவசியம் எனக்கு இல்லைங்க. சிம் அலாரம்தான்.

எமரால்டு_வயர்மேன்:
4ஜி.

புதுத்தோட்டம்:
ஏனுங்க, அந்த அரெஸ்டருக்கு எர்த் வேலி எர்த்தோட சேர்க்கலாமா?

எமரால்டு_வயர்மேன்:
சேர்க்கலாம், ஒரே மண்ணுதானே.

கட்டபெட்டு866:
சேர்க்கவே கூடாது. எனர்ஜைசர் பல்ஸ் நேராக ரிப்பீட்டருக்கு ஏறும். வேலி ராடில் இருந்து பத்து மீட்டராவது தள்ளி அடியுங்கள். அன்று எர்த்துக்கு மூன்று ராடு என்று சொன்னவர் இன்று ஒரே மண் என்கிறார்.

எமரால்டு_வயர்மேன்:
மூணு ராடுன்னு சொன்னதை இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே. அந்த இழைக்கு வாங்க, அங்க பேசிக்கலாம்.