சென்னை விக்டோரியா ஹால்: நாடகத்துக்கு மாநகராட்சி காசு கொடுக்கணுமா, கூடாதா? (இணைய மன்றத் திரி, 2024)

கொட்டகைக்காரன்:
பக்கத்துத் திரியில் வியாசர்பாடி வாசி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. "விக்டோரியா ஹால் வெள்ளைக்காரன் கும்மாளம் போட்ட இடம். அதுக்கும் தமிழ் நாடகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைத் திறந்து நாடகம் போட மாநகராட்சி ஒரு பைசா தரக்கூடாது" என்கிறார். அங்கேயே பதில் சொன்னால் காணாமல் போய்விடும் என்று தனித் திரி தொடங்குகிறேன்.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தார். அந்தச் சபை ஆடி வளர்ந்த மேடை, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் இந்த விக்டோரியா ஹால். கூத்தாடி என்று ஊர் ஏசிய தொழிலுக்கு வக்கீலும் குமாஸ்தாவும் அரிதாரம் பூசிக்கொண்டு வந்து நின்ற மேடை. அதற்கும் தமிழ் நாடகத்துக்கும் சம்பந்தம் இல்லையாம்!

கட்டடக் கலைஞர் சிஷோல்ம் வரைந்து கொடுத்தார், ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் கட்டினார். 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவர் ஆந்திரத்து விஜயநகரம் மகாராஜா. நிலம் யாருடையது? அன்றைய முனிசிபாலிட்டியுடையது. பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு, 99 வருஷக் குத்தகை, வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. வருஷத்துக்கு 28 ரூபாய்! அன்றைக்கு எட்டணாவுக்கு இடம் கொடுத்தவர்கள், இன்றைக்கு சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடிக்கு மேல் கொட்டிச் சீரமைத்துவிட்டு மேடையை மட்டும் பூட்டி வைக்கப் போகிறார்களா?

மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் நாங்கள் கையெழுத்து வாங்குவது இதற்குத்தான். மாதத்தில் 15 நாள் சிறிய நாடகக் குழுக்களுக்கு. வாடகை எட்டணா போலப் பேருக்கு ஒரு தொகை. கரன்ட் பில்லும் வாட்ச்மேன் சம்பளமும் மாநகராட்சி பொறுப்பு. சாரம் கட்டி வேலை நடக்கும்போதே கேட்டால்தான் உண்டு. திறப்பு விழா முடிந்தபின் கேட்டால் கதவு திறக்காது.

வியாசர்பாடி வாசி:
நான் எழுதினதுல பாதியை வெட்டிட்டுப் போட்டிருக்கீங்க சார். அந்தக் காசுல முதல்ல மழைநீர் வடிகால் போடுங்கன்னு நாலு வரி எழுதினேனே, அது எங்கே?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல நாலு நாள் தண்ணி. கீழ் வீட்டம்மா ரேஷன் அரிசி மூட்டையைக் கட்டில் மேல ஏத்தி, கட்டில் காலுக்கு நாலு செங்கல் வச்சு, அது மேல பேரப்பிள்ளையோட உட்கார்ந்திருந்தாங்க. கணேசபுரம் சப்வே ஒவ்வொரு மழைக்கும் குளம். வரி வாங்குறதும் இதே மாநகராட்சிதான். நீங்க கரன்ட் பில்லு கேக்குறீங்க, நாங்க தண்ணி இறைக்க மோட்டார் கேக்குறோம்.

எட்டணா எட்டணான்னு பெருமையா எழுதுறீங்களே, அந்த எட்டணா நிலத்துல யார் போய் உட்கார்ந்தாங்க? மகாராஜா, ஜமீன்தார், வக்கீல். எங்க தாத்தா அதே காலத்துல பக்கத்து ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினார். அவருக்கு எட்டணாவுக்கு ஒரு கிரவுண்டு குடுத்தாங்களா?

கணக்குப்பிள்ளை:
57 கிரவுண்டு, கிரவுண்டுக்கு எட்டணா என்றால் 456 அணா. பதினாறால் வகுத்தால் 28 ரூபாய் 8 அணா. கொட்டகைக்காரர் 28 ரூபாய் என்கிறார். மீதி எட்டணா எங்கே? 28 ரூபாய்தான் சரி என்றால் நிலம் 56 கிரவுண்டு. இரண்டில் ஒன்று தப்பு.

கொட்டகைக்காரன்:
வந்துவிட்டார். போன வருஷம் ஆர்மோனியக் கட்டை பற்றிய திரியை இப்படித்தான் கெடுத்தார். இவருக்கு மேடை வேண்டாம், நாடகம் வேண்டாம், பாக்கி எட்டணா போதும். 28 என்றுதான் நான் படித்தது, 28 என்றுதான் எழுதுவேன்.

வியாசர்பாடி வாசிக்கு. உங்கள் தாத்தா மூட்டை தூக்கினார், என் அப்பா படுதா இழுத்தார். சபா நாடகங்களுக்கு சீன் மாற்றுகிற ஆள். அரண்மனைப் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா, மூன்றையும் விசில் சத்தத்துக்கு இறக்கி ஏற்றுவார். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த தழும்பு, குறுக்காக, கடைசி வரைக்கும் இருந்தது. சாதத்தைப் பிசையும்போது அந்த இடத்தில் பருக்கை ஒட்டிக்கொள்ளும். அவர் மகாராஜா இல்லை. நாடகம் என்றாலே பணக்காரன் பொழுதுபோக்கு என்று எழுதாதீர்கள்.

வடிகால் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 1688இல் தொடங்கிய மாநகராட்சிக்கு வடிகாலும் போடத் தெரியணும், மேடையும் நடத்தத் தெரியணும்.

வியாசர்பாடி வாசி:
336 வருஷமா தெரியாத வடிகால் இனிமேதான் தெரியப்போகுதா?

சிங்கை செல்வி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சிங்கப்பூரில் விக்டோரியா தியேட்டரும் முதலில் டவுன் ஹாலாகக் கட்டியதுதான். 2010இல் மூடி, உள்ளே முழுசாக மாற்றி, 2014இல் திறந்தார்கள். இன்றைக்கும் அங்கே நாடகம் நடக்கிறது. பழைய கட்டடம் என்றால் கண்காட்சி மட்டும்தான் என்று யார் சொன்னது? மனம் இருந்தால் மேடையாகவே வைத்துக்கொள்ளலாம். கொட்டகைக்கார அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வியாசர்பாடி வாசி:
அக்கா, உங்க ஊர்ல மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வருதா? வரலைல்ல. அப்ப தியேட்டர் கட்டுங்க, நாங்க கேக்கவே மாட்டோம்.

சிங்கை செல்வி:
எங்கள் அம்மா இருப்பது பெரம்பூரில். வெள்ளத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் தம்பி.

கறுப்புத்திரை:
இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். கொட்டகைக்காரர் "நாடகம்" என்று சொல்லும்போது எந்த நாடகம்? சோபா, டெலிபோன், மாமா மாமி ஜோக்கு, அரை நிமிஷத்துக்கு ஒரு கைத்தட்டல், அந்தச் சபா நாடகமா? அதற்கு நகரத்தில் மேடை இல்லாமலா இருக்கிறது? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபாக்கள் இருக்கின்றன. நாங்கள் மொட்டை மாடியிலும் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்திலும் ஒத்திகை பார்க்கிறோம். 15 நாள் என்கிறீர்கள். அந்த 15 நாளை யார் பங்கு போடுவது? நீங்களா?

கொட்டகைக்காரன்:
எந்த நாடகமானாலும் நாடகம்தான். சோபா போட்டு ஆடினாலும் தரையில் உருண்டு ஆடினாலும் கரன்ட் பில் ஒன்றுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு வாடகை அரங்கில் எங்கள் குழு நாடகம். பெயர் சொல்லப்போவதில்லை. ஒன்பது மணிக்குள் முடிக்கணும் என்று பேச்சு. கடைசி சீன், மகள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற இடம், மணி ஒன்பது ஐந்து. வாட்ச்மேன் மெயினை இறக்கிவிட்டார். அந்தப் பெண் நிறுத்தவில்லை. பக்கவாட்டில் நின்ற பையன் மொபைல் டார்ச்சை அவள் முகத்தில் அடித்தான். முன் வரிசையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக மொபைலை எடுத்து வெளிச்சம் காட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் வசனத்தை முழுக்கச் சொல்லி முடித்தாள். சனம் எழுந்து நின்று கைத்தட்டியது. நான் மேடை விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பலகைக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். டிக்கெட் விற்ற காசு அன்றைக்கு அரங்க வாடகைக்கே பத்தவில்லை. சவுண்டுக்காரருக்கு என் கைக்காசு.

இதற்குத்தான் எட்டணா கேட்கிறேன். புரிகிறதா?

கறுப்புத்திரை:
மனதைத் தொடுகிறது. ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. 15 நாளை யார் பங்கு போடுவது?

கணக்குப்பிள்ளை:
எட்டணா கேட்கிறேன் என்கிறார். ஒரு நாளைக்கா, ஒரு காட்சிக்கா, ஒரு கிரவுண்டுக்கா? 1886இல் தொடங்கிய குத்தகை வருஷ வாடகை. நாள் வாடகை இல்லை. அந்தக் கணக்கை நாடகத்துக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. போகட்டும், அந்த 57 கிரவுண்டு என்ன ஆயிற்று?

கொட்டகைக்காரன்:
57தான். 3 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் அது பிடிக்குமே.

கணக்குப்பிள்ளை:
பெருக்கியாயிற்று. 1,36,800 சதுர அடி. 57 சரி. அப்படியென்றால் 28 தப்பு. 28 ரூபாய் 8 அணா. நன்றி.

வியாசர்பாடி வாசி:
1985ல குத்தகை முடிஞ்சதுக்கு அப்புறம் கோர்ட்டு, கேஸுன்னு எத்தனை வருஷம் இழுத்துச்சு? அந்தக் காலமெல்லாம் கூரை ஒழுகுறப்ப இந்த நாடகக்காரங்க எங்க போயிருந்தாங்க? சென்ட்ரல்ல இறங்கி நடக்குறப்ப தினமும் பார்த்திருக்கேன். செங்கல் சுவர்ல ஆலஞ்செடி முளைச்சிருந்துச்சு. அப்ப ஒரு கையெழுத்து வாங்கலை. 32 கோடின்னு பேப்பர்ல வந்ததும் எல்லாருக்கும் நாடகம் ஞாபகம் வந்திருச்சு.

கொட்டகைக்காரன்:
இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுகுண விலாச சபை மவுண்ட் ரோட்டுக்குப் போன பிறகும் அந்தக் கட்டடத்தை மறக்காதவர்கள் இருந்தார்கள். விவேகானந்தர் 1897இல் பேசிய மேடை, சென்னைக்காரன் முதன்முதலில் சலனப்படம் பார்த்த கூடம் என்று பெரியவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. அந்தத் திருவாங்கூர் பாணிக் கூரை வைத்த கோபுரம் சாயாமல் நிற்பதே கட்டினவர்களின் கைவேலை.

வியாசர்பாடி வாசி:
சலனப்படம் முதல்ல ஓடுச்சுன்னா சினிமாக்காரங்களும் 15 நாள் கேப்பாங்களே. விவேகானந்தர் பேசினார்னா மடத்துக்காரங்க வருவாங்க. மாசத்துக்கு 45 நாள் வேணும் உங்களுக்கு.

சரி, நேராவே கேக்குறேன். எங்க ஏரியாவுல கானா பாடுற பசங்க இருக்காங்க. சாவு வீட்டுல விடிய விடிய பாடுவான், அவன் பாட்டுல கதை இருக்கு, வேஷம் இருக்கு, அழுகை இருக்கு, சிரிப்பு இருக்கு. ஒரு டோலக், ஒரு மைக், அவ்ளோதான். அந்த ஹாலு எங்க வீட்டுலேருந்து பஸ்ஸுல இருபது நிமிஷம். ஒருத்தனும் உள்ளே காலு வச்சதில்லை. உங்க மனுவுல அவனுக்கு நாள் இருக்கா?

கறுப்புத்திரை:
இதைத்தான் நானும் கேட்கிறேன். பறை, தெருக்கூத்து, கானா, எல்லாவற்றுக்கும் வாசல் திறக்கவில்லை என்றால் அது பழையபடி கனவான்கள் கூடம்தான்.

வியாசர்பாடி வாசி:
நீங்க நடுவுல வராதீங்க தோழர். எங்க தெருவுல நாடகம் போட வந்தீங்க, எங்க கதையை எங்களுக்கே நடிச்சுக் காட்டினீங்க, போட்டோ எடுத்துகிட்டுப் போனீங்க. அந்தப் போட்டோல எங்க பையன் முகம் இருக்கு, பேரு இல்லை.

கறுப்புத்திரை:
அது எங்கள் குழு இல்லை. தெரியாமல் பேசாதீர்கள்.

வியாசர்பாடி வாசி:
எல்லாக் குழுவும் கறுப்புச் சட்டைதான் போட்டிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்?

சிங்கை செல்வி:
கானாவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் என்ன அண்ணா? ஒரு வரி சேர்த்துவிட்டால் தம்பியும் கையெழுத்துப் போடுவாரே.

கொட்டகைக்காரன்:
செல்வி, உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் 40 வருஷமாக லைட் போட்டவன் நான். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை இருந்தால்தான் அதிகாரி படிப்பார். நாடகம், கானா, பரதம், கச்சேரி, பட்டிமன்றம் என்று அடுக்கினால் "பல்நோக்குக் கூடம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். கீழே வழவழ டைல்ஸ், மேலே நாலு குழல் விளக்கு, அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலி. படுதா தொங்கவிட மேலே ஒரு கம்பி இருக்காது, நடிகன் காத்திருக்கப் பக்கவாட்டில் இரண்டடி இடம் இருக்காது, உடை மாற்ற அறை இருக்காது. பெண் பிள்ளைகள் ஜெனரேட்டர் பக்கத்தில் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு உடை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். மேடை என்றால் மேடையாக இருக்கணும். முதலில் நாடகத்துக்கு வாங்குவோம். அந்த மேடையில் பிறகு யார் வேண்டுமானாலும் பாடட்டும்.

வியாசர்பாடி வாசி:
பிறகு. எங்களுக்கு எப்பவுமே பிறகுதான். வடிகாலும் பிறகு, கானாவும் பிறகு.

கொட்டகைக்காரன்:
நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

வியாசர்பாடி வாசி:
எந்த அர்த்தத்துல சொன்னாலும் வார்த்தை ஒண்ணுதான் சார்.

கொட்டகைக்காரன்:
திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இருப்போம். இதுவரை வந்த கையெழுத்தோடு மனுவைக் கொடுக்கிறோம். வருகிறவர்கள் வரலாம். வியாசர்பாடி வாசிக்கும் ஒரு படிவம் எடுத்து வைக்கிறேன். திட்டுவதற்காவது நேரில் வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

வியாசர்பாடி வாசி:
படிவத்துல கானான்னு ஒரு வார்த்தை இருக்கா?

கொட்டகைக்காரன்:
இல்லை.

வியாசர்பாடி வாசி:
அப்ப டீயும் வேணாம்.

கறுப்புத்திரை:
15 நாளை யார் பங்கு போடுவது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவது முறை கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
படிவத்தில் பழைய வாடகை 28 ரூபாய் என்று போட்டிருந்தால் திங்கட்கிழமைக்குள் திருத்திவிடுங்கள். 28 ரூபாய் 8 அணா. அதிகாரி கணக்குப் போட்டுப் பார்த்தால் மனு முழுவதும் தப்பு என்று எடுத்துக்கொள்வார்.

கொட்டகைக்காரன்:
500 பிரதி அச்சடித்தாகிவிட்டது. 28 என்றுதான் இருக்கிறது. திருத்த மாட்டேன்.