பாமினியில் தட்டச்சு செய்த ஆய்வுச்சுருக்கத்தை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

வணக்கம். சங்கப் பாடல்களில் வரும் மீன்பெயர்கள் பற்றிய என் ஆய்வுச்சுருக்கத்தை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு அனுப்பியிருந்தேன். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்த வேர்டு கோப்பு. ‘எதுவும் படிக்க முடியவில்லை, யூனிகோடில் அனுப்புங்கள்’ என்று திருப்பிவிட்டார்கள். தோழியின் கணினியில் திறந்து பார்த்தேன். ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் ஏற்பார்களா? நாளை மறுநாள் கடைசி நாள். பதற்றமாக இருக்கிறது.

பதில்:
பதற வேண்டாம் அம்மா, ஒரு மணி நேர வேலைதான். பிடிஎஃப் உதவாது. எழுத்துரு உள்ளே பொதிந்திருப்பதால் பார்க்கச் சரியாகத் தெரியும். கருத்தரங்க மலர் தயாரிப்பவர் நகலெடுத்து ஒட்டினால் அதே ஜே, கே, பி, ஓதான் வரும். பாமினி கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது, அவ்வளவே. யூனிகோடிலோ தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண்கள் உண்டு.

என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். சுருக்கத்தில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் முன்பே வெட்டி வேறிடத்தில் வையுங்கள். இல்லையென்றால் அவையும் பொருளற்ற தமிழெழுத்துகளாக மாறிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, மாற்றிவிட்டேன். ஆனால் ‘ஆசிரியர்’ என்று தேடினால் கிடைக்கவில்லை. கண்ணெதிரே மூன்று இடத்தில் இருக்கிறது!

பதில்:
அது ‘ஆசிரியர்’ இல்லை, ‘ஆசிாியா்’. உற்றுப் பாருங்கள். தாளில் ஒன்றுபோலத் தெரிவதால் தட்டச்சர்கள் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டுவிடுகிறார்கள். யூனிகோடில் இரண்டும் வேறு. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் இதனாலேயே தேடலில் அகப்படாமல் கிடக்கின்றன. எனக்கு இது பெரிய வருத்தம்.

நோட்பேடில் ஒட்டி, ‘ா்’ வரும் இடமெல்லாம் ‘ர்’ என்றும், ‘ாி’ வரும் இடமெல்லாம் ‘ரி’ என்றும் ஒரேயடியாக மாற்றலாம். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் வரவே வராது, அதனால் ஆபத்தில்லை.

இன்னொருவர்:
ஔகாரத்தையும் பாருங்கள். ‘மௌனம்’ என்பதை ‘மெளனம்’ என்று ளகரம் போட்டு அடித்திருப்பார்கள். அதை மட்டும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். ‘தெளிவு’, ‘வெளி’ எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.

கேட்டவர்:
நல்ல வேளை சொன்னீர்கள். என் சுருக்கத்தில் ‘கெளுத்தி’ நான்கு முறை வருகிறது! கையாலேயே திருத்தினேன். இப்போது ‘ஆசிரியர்’ மூன்றும் தேடலில் கிடைக்கின்றன. லதா என்ற யூனிகோடு எழுத்துருவில் வேர்டு கோப்பாகவே அனுப்பிவிட்டேன். திறக்க முடிகிறது என்று பதிலும் வந்துவிட்டது. ஆய்வேட்டின் இரண்டு இயல்களும் அதே கடையில் பாமினியில்தான் இருக்கின்றன. இன்றிரவே தொடங்குகிறேன்.