ஸ்விஃப்டில் 14 அங்குலத்திலிருந்து 16 அங்குல அலாய்க்கு மாறினால் டயர் எங்கே உரசும்? வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க முடியுமா?

வைகைக்கரை:

வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு மாருதி சுசுகி ஸ்விஃப்ட் வி.டி.ஐ. அதில் நிறுவனம் கொடுத்த 14 அங்குல ஸ்டீல் வீலும் 165/80 ஆர்14 டயரும்தான் இன்றுவரை ஓடுகின்றன. நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டதால், மாற்றும்போதே அலாய் வீலும் போட்டுவிடலாம் என்று மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். 16 அங்குலத்தில், 7ஜே (7 அங்குல) அகலமும் இ.டி.35 ஆஃப்செட்டும் கொண்ட வீலை எடுத்துக் காட்டி, அதில் 205/55 டயர் போட்டால் "கச்சிதமாக உட்காரும்" என்று சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பலருக்குப் போட்டிருக்கிறோம் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

மாதம் ஒருமுறையாவது பெற்றோர், மனைவி, மகளுடன் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் செல்பவன் நான். ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய பிறகு, கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் எங்காவது உரசுமோ என்பதுதான் என் கவலை. பணம் கொடுப்பதற்கு முன்பே, வீட்டு வாசலில் வைத்து நானே அளந்து தெரிந்துகொள்ள வழி இருந்தால் சொல்லுங்கள்.

அளவுநாடா:

அளக்க முடியும். முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு, பிறகு வண்டியில் அளவு.

பலர் டயரின் மொத்த உயரத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். உங்கள் 165/80 ஆர்14 டயரின் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 விழுக்காடு, ரிம் 14 அங்குலம்) விட்டம் 619.6 மி.மீ.; கடைக்காரர் சொன்ன 205/55 ஆர்16 டயருக்கு அது 631.9 மி.மீ. இரண்டு விழுக்காடு வித்தியாசம்தான். வண்டி 102 கி.மீ. வேகத்தில் போகும்போது மீட்டர் 100 காட்டும். அது பெரிய குற்றமில்லை. விட்டம் 12 மி.மீ. கூடினாலும் டயரின் மேல்விளிம்பு ஃபெண்டரை (வீலுக்கு மேலுள்ள உடல் தகட்டை) நோக்கி நகர்வது அதில் பாதியான 6 மி.மீ. மட்டுமே. ஆகவே, கடைக்காரர் உயரக் கணக்கை வைத்துத்தான் பேசினார் என்றால், அவர் சொன்னது பொய்யில்லை.

சிக்கல் அகலத்திலும் ஆஃப்செட்டிலும் இருக்கிறது. வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (வீலை மாட்டும் சுழல் மையத்தில்) பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட்; இ.டி. என்பது அதன் குறியீடு. அந்த எண் குறையக் குறைய வீல் வண்டியை விட்டு வெளியே வரும். உங்கள் பழைய வீல் 5ஜே, இ.டி.45 என்று வைத்துக்கொள்வோம். வீலைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் இந்த எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும், வேறாக இருந்தால் அதையே கணக்கில் போடுங்கள். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் வயிறு ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். எனவே 5ஜே ரிம்மில் 165 டயர் சுமார் 170 மி.மீ. அகலத்தோடும், 7ஜே ரிம்மில் 205 டயர் சுமார் 210 மி.மீ. அகலத்தோடும் நிற்கும். 40 மி.மீ. கூடுதலைப் பக்கத்துக்கு 20 ஆகப் பிரித்து, ஆஃப்செட் வித்தியாசமான 10 மி.மீ.ஐ வெளியே கூட்டி உள்ளே கழித்தால், டயர் வெளிப்பக்கம் 30 மி.மீ.யும் உட்பக்கம் 10 மி.மீ.யும் நகர்கிறது.

இதே காரின் இசட்.டி.ஐ. வகைக்கு நிறுவனமே கொடுத்த அளவு 185/65 ஆர்15. அந்த டயரை 15 அங்குலம், 6ஜே, இ.டி.45 வீலில் போட்டால் அகலம் சுமார் 190 மி.மீ., நகர்வு இரு பக்கமும் 10 மி.மீ., விட்டம் 621.5 மி.மீ. அதாவது ஸ்ட்ரட் (வீலுக்கு உட்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தூண்) பக்கம் இரண்டு தேர்வுகளும் ஒன்றுதான். ஃபெண்டர் பக்கத்தில் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு துருத்துகிறது. ஆள் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது உரசப்போவது எது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இனி வண்டியில் அளப்பது. சமதளத்தில் நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். அது இல்லாவிட்டால் நூலில் கட்டிய ஒரு நட்டே போதும். நூலுக்கும் டயரின் பக்கச்சுவர் மிகவும் உப்பியிருக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியே உங்கள் வெளிப்பக்க இருப்பு. உட்பக்கத்துக்கு ஸ்கேல் நுழையாது. நான் அல்லன் கீ (அறுகோணச் சாவி) தொகுப்பைப் பயன்படுத்துவேன். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 10 மி.மீ. கீ நுழைகிறதா, அதோடு 6 மி.மீ. கீயையும் சேர்த்து நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து நுழைந்தால் இருப்பு 16 மி.மீ.; அதில் 10 போனால் மிச்சம் 6. அதற்கும் குறைந்தால் நான் போடமாட்டேன், ஏனெனில் வளைவில் டயரின் பக்கச்சுவர் நெளியும். ஸ்பிரிங் அமரும் கீழ்த்தட்டுக்கும் டயரின் உள் தோளுக்கும் உள்ள இடைவெளியையும் அப்படியே பாருங்கள். டயரின் உயரம் கூடினால் அந்த இடம்தான் முதலில் நெருங்கும்.

கொண்டைஊசி:

மேலே நண்பர் சொன்ன கணக்கு சரியானது. ஆனால் நிற்கும் வண்டியில் எடுத்த அளவு பாதிக் கதைதான் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் பழைய ஹேட்ச்பேக்கில் கடையிலேயே ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம், எங்கும் தொடவில்லை. முதல் மலைப்பயணத்தில், இடப்பக்கம் திரும்பிக்கொண்டே ஒரு பள்ளத்தில் இறங்கியபோது, முன் டயர் ஃபெண்டர் லைனரின் (ஃபெண்டருக்கு உட்புறமுள்ள பிளாஸ்டிக் உறையின்) பின்மூலையைச் சுரண்டிய சத்தம் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மாமியாரையே எழுப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், லைனரில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. டயரின் தோளில் கறுப்புத் துருவல் ஒட்டிக்கிடந்தது. திருப்பமும் அமுக்கமும் சேர்ந்து வரும் நிலையைக் கடையில் யாரும் சோதிப்பதில்லை.

ஆகவே, பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன், இரண்டு முன் வீல்களையாவது மாட்டி ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, ஸ்ட்ரட்டிலும், லைனரின் முன்பின் மூலைகளிலும், ஃபெண்டரின் உள்மடிப்பிலும் ஒட்டிவிட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒடித்தபடியே ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். களிமண் நசுங்கியிருந்தால், மிஞ்சிய தடிமன்தான் உங்கள் உண்மையான இடைவெளி. வழித்து எடுக்கப்பட்டிருந்தால் இடைவெளியே இல்லை என்று பொருள்.

பஞ்சர்பட்டறை:

இருபது ஆண்டுகளாக டயர் வேலை செய்பவன் என்ற முறையில், உரசலைத் தவிர வேறு மூன்று இடங்களையும் பார்க்கச் சொல்கிறேன், தம்பி.

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் வீலை ஹப்பில் மாட்டிக் கையால் சுற்றுங்கள். 16 அங்குலம் என்பதால் பிரேக் காலிப்பருக்கு (பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் பாகத்துக்கு) மேலே தாராளமாக இடம் இருக்கும். ஆனால் சில டிசைன்களில் ஸ்போக்கின் உள்வளைவு காலிப்பரின் முகத்தைத் தொடும். பேலன்சிங்கின்போது ரிம்மின் உட்சுவரில் ஒட்டும் எடைத்துண்டுக்கும் சில மி.மீ. ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஸ்விஃப்டின் பி.சி.டி. (நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 4×100, நடுத்துளை 54.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்களில் நடுத்துளை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 ஆக இருக்கும். அந்த வித்தியாசத்தை நிரப்பும் வளையத்தைப் போடாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் சரியில்லை என்று நீங்கள் மறுபடியும் மறுபடியும் கடைக்கு அலைவீர்கள்.

நட்டில் மிகவும் கவனம் தேவை. சுசுகிக்கு 12×1.25 புரி (12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. புரி இடைவெளி), ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களுக்கு 12×1.5. அவசரத்தில் மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிய பிறகு இறுகும். ஏர் கன்னால் அழுத்தினால் போல்ட்டின் புரியே வழுக்கிவிடும். முதல் ஐந்தாறு சுற்று கையாலேயே ஏறட்டும்.

இன்னொன்று: உங்கள் பழைய டயரின் சுமைக் குறியீடு 85, அதாவது டயர் ஒன்றுக்கு 515 கிலோ. எந்த அளவை எடுத்தாலும் அதற்குக் கீழே இறங்காதீர்கள். ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது உட்பக்கத்தில் தரும் இடத்தை வெளிப்பக்கத்தில் பிடுங்கிக்கொள்ளும்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு காலை தூக்குக்குண்டும் அல்லன் கீயுமாக வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பழைய வீலில் இருந்தது 5ஜே, இ.டி.45 தான். பின்பக்க ஃபெண்டரில், ஐவர் அமர்ந்த நிலையில், வெளியே கிடைத்தது 24 மி.மீ. மட்டுமே, ஆகவே 30 மி.மீ. துருத்தும் அந்த 16 அங்குல வீலை விட்டுவிட்டேன். ஸ்ட்ரட் பக்கம் 10, 6 இரண்டு கீயும் சேர்ந்து நுழைந்தன, 6க்குப் பதில் 8 மி.மீ. கீயைச் சேர்த்தபோது இறுக்கமாக நுழைந்தது. 15 அங்குலம், 6ஜே, இ.டி.45 வீலும் 185/65 டயரும் வாங்கிக் களிமண் சோதனையும் செய்தேன். லைனரின் பின்மூலையில் ஒட்டிய உருண்டை மட்டும் சற்றே தட்டையாகி, 7 மி.மீ. தடிமனில் நின்றது. மற்றவை ஒட்டியபடியே இருந்தன.

ஒரே ஒரு சந்தேகம்: நட்டுகளை மறுபடி எப்போது இறுக்கிப் பார்க்க வேண்டும்?

பஞ்சர்பட்டறை:

நூறு கி.மீ. ஓடியதும், வீல் ஆறிய பிறகு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் பாருங்கள். ஸ்டெப்னி இன்னும் ஸ்டீல் வீல்தானே? பழைய நட்டுகளில் நான்கை டிக்கியிலேயே போட்டுவையுங்கள். அலாய் நட்டு அந்த வீலில் சரியாக அமராமல் போகலாம்.