நகரி வீடு குரூப்: பரண்ல இருந்த கார்

தினேஷ்: தாத்தா தெவசத்துக்கு பரண் ஒழிச்சோம்ல, அந்த டப்பாவுல இருந்த சிவப்பு ஹாட்வீல்ஸ் பொம்மைக் காரை ஆன்லைன்ல போட்டேன். பெங்களூர்காரர் ஒருத்தர் 1,800க்கு எடுத்துக்கறேன்னாரு, சரின்னுட்டேன். 500 அட்வான்ஸும் வந்திருச்சு. இப்போ சென்னையிலேருந்து ஒருத்தர் 2,500 தர்றாராம்

கோமதி அத்தை: யாரைக் கேட்டு போட்ட?

தினேஷ்: குரூப்ல கேட்டேனே அத்தை. கட்டை விரல் காட்டினீங்க

கோமதி அத்தை: அது மீனாவோட கோலத்துக்கு

செல்வம் பெரியப்பா: என்ன எழுதி போட்டிருக்க? இங்க போடு

தினேஷ்: "1974 மாடல். தாத்தா மூர் மார்க்கெட்டில் வாங்கியது. ஒரிஜினல் பெயிண்ட். புதுசு மாதிரி"

சுமதி: டேய் பானெட்ல என் கியூடெக்ஸ் இருக்குமே. அஞ்சாவது படிக்கறப்ப அடிச்சேன்

பாலு மாமா: மூர் மார்க்கெட் 1985லயே எரிஞ்சு போச்சு. ரவி பொறந்ததே 86. அவனுக்கு திருத்தணில மொட்டை போட்டப்புறம் பர்மா பஜார்ல வாங்கினது அது

கோமதி அத்தை: ஆமா ரவிக்குன்னா வாங்குவாரு. என் பசங்களுக்கு ஒரு ஊதல்கூட இல்ல

பாலு மாமா: ஆரம்பிச்சாச்சு

செல்வம் பெரியப்பா: தினேஷ், முழுசா படி. அடியில இருக்கற 1974 அந்த அச்சுக்கு உரிமை போட்ட வருஷம். அதே அச்சுல எத்தனையோ வருஷம் கழிச்சும் வார்ப்பாங்க. அதனால "அடியில 1974ன்னு இருக்கு"ன்னு மட்டும் எழுது. எந்த நாட்டுல செஞ்சதுன்னும் அங்கயே இருக்கும், அதையும் எழுது. மூர் மார்க்கெட்டை எடுத்துரு, அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்கறாங்க. கியூடெக்ஸ் இருக்கற இடத்தை வெயில்ல வெச்சு கிட்டக்க ஒரு போட்டோ. அடிப்பக்கம் ரிவெட், அதான் மேல்பாகத்தையும் அடியையும் சேர்த்துப் பிடிக்கற ஆணி, தெரியற மாதிரி ஒண்ணு. ரிவெட்டைக் குடைஞ்சிருந்தா பிரிச்சு பெயிண்டோ சக்கரமோ மாத்தினதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சந்தேகப்படுவாங்க. நம்மது குடையாதது, அதைக் காட்டு. பின் சக்கரம் கோணி இருக்குல்ல, அதையும் சொல்லு. எல்லாத்தையும் பெங்களூர்காரருக்கு அனுப்பு. பார்த்துட்டு அவரு வேணாம்னா 500ஐ திருப்பிக் குடுத்துட்டு சென்னைக்காரர்கிட்ட பேசு

பாலு மாமா: 700 ரூபா போகுதே மச்சான்

செல்வம் பெரியப்பா: போகட்டும். வாய் வார்த்தை குடுத்தாச்சு

மீனா சித்தி: ராஜு கை பிசகிருச்சு. புத்தூர்ல கட்டு போட வந்திருக்கோம். செம கூட்டம்

சுமதி: அய்யோ எந்தக் கை

மீனா சித்தி: இடது. தறி ரூம் படியிலேருந்து குதிச்சான்

கோமதி அத்தை: குதிக்கிற வரைக்கும் யாரும் பாக்கலயா

தினேஷ்: இன்னொருத்தர். 4,000 தர்றாராம், போட்டோகூட கேக்கல. மிலிட்டரியாம். க்யூஆர் அனுப்பியிருக்காரு, ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வந்துருமாம்

ரவி: டேய் தொடாத. பணம் வாங்க பின் எதுக்குடா? பின் போட்டா உன் பணம்தான் போகும்

பாலு மாமா: போட்டுட்டியா?? போட்டிருந்தா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடு

தினேஷ்: போடல மாமா. பிளாக் பண்ணிட்டேன்

கோமதி அத்தை: அந்த டப்பாவுல மரப்பாச்சி ஜோடி இருந்துச்சே?

தினேஷ்: அதை அமெரிக்காவுலேருந்து ஒருத்தங்க கேக்கறாங்க அத்தை

செல்வம் பெரியப்பா: கூடவே கூடாது. அது செம்மரம். 1995லேருந்து உலக அளவுல கட்டுப்பாடு இருக்கு. பர்மிட் இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்பினா கேஸ் ஆயிரும்

கோமதி அத்தை: அனுப்பவும் வேணாம் விக்கவும் வேணாம். கொலுவுக்கு எனக்குன்னு அம்மா சொன்னது

மீனா சித்தி: அத்தை எனக்குன்னுதான் சொன்னாங்க அண்ணி

ரவி: கார் எனக்கு வாங்கினதுதானே. விக்கணுமான்னு ஞாயித்துக்கிழமை பேசலாமா

செல்வம் பெரியப்பா: அப்போ அதை அந்த மனுஷனுக்கு இன்னிக்கே சொல்லிடுங்க. காசு கட்டிட்டு உக்காந்திருப்பாரு

தினேஷ்: என்னன்னு சொல்றது பெரியப்பா?

பாலு மாமா: ஞாயிறு எத்தனை இலை? சமையல்காரர் கேக்கறாரு

சுமதி: நாங்க 4

மீனா சித்தி: 3. ராஜுவுக்கு ஊட்டணும்

தினேஷ்: ரவி அண்ணா?