யூரியாப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி

கோப்பாய்க்காரி:
கல்வியியற் கல்லூரியில் மூன்றாம் வருடம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்கு நிற்கிறேன், தரம் 10 விவசாயம். முதல் கிழமை நான் மண்வெட்டி பிடித்த விதத்தைப் பார்த்தே பெடியள் சிரித்துவிட்டார்கள். தோட்டம் செய்யாத வீட்டுப் பிள்ளை நான். பரவாயில்லை, பாத்தி கட்ட அவர்களிடமே பழகிவிட்டேன்.

சிக்கல் போன செவ்வாய்க்கிழமை வந்தது. யூரியாவில் 46 வீதம் நைதரசன், அடிக்கட்டுப் பசளை, மேற்கட்டுப் பசளை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், எங்கட கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று கூடவாம், தம்பிக்குப் பால்மா கரைக்க வேண்டாமெண்டு கிளினிக்கில சொன்னவை. அப்பா வெங்காயத்துக்குப் போடுற யூரியாவோ காரணம்?" என்றாள்.

வகுப்பே என்னைப் பார்த்தது. ஓம் என்றால் தகப்பன் குற்றவாளி, இல்லை என்றால் பொய். "அடுத்த பாடத்தில் பார்ப்பம்" என்று சமாளித்துவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதே வகுப்பு, மேற்பார்வைக்கு விரிவுரையாளரும் வருகிறார். என்ன சொல்ல?

பழைய வாத்தியார்:
பிள்ளை, வாயால் சொல்லாதேயும், காட்டும். இரண்டு சோடாப் போத்தலை அடிப்பக்கம் வெட்டி, வாயில் சீலைத்துண்டு கட்டிக் கவிழ்த்து வையும். ஒன்றில் தோட்டத்துச் செம்மண், மற்றதில் வயல் களிமண். களிமண்ணை இடித்துத் தூளாக்கிப் போட வேணும், கட்டியாகப் போட்டால் இடுக்கால் தண்ணீர் ஓடி உம்மை மானம் கெடுக்கும் (எனக்கு நடந்தது). இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றும். செம்மண்ணில் விறுவிறென்று இறங்கும். அதற்குக் கீழே எங்களுக்கு இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். யூரியாவின் நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். அதை மண் பிடித்து வைக்காது, தண்ணீரோடு கரைந்து கிணற்றுக்குத்தான் போகும். மாட்டெருவிலும் மலசலகூடக் குழியிலும் இருந்து வருவதும் அதே நைத்திரேற்றுதான். அதையும் சொன்னால் பழி அப்பாவின் தலையில் மட்டும் விழாது.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
தகப்பனைக் குறை சொல்லாமல் விட்டீங்கள், நன்றி. எங்கட அப்பு காலத்தில் பசளையாகப் பூவரசங்குழையை மண்ணில் தாழ்த்தினார்கள், கிணற்றில் துலா மிதித்து இறைத்தார்கள். துலா மிதிக்கிறவன் தேவைக்கு மேல் ஒரு பட்டை தண்ணீர் இறைக்க மாட்டான். இப்ப மிசினை ஸ்டாட் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறோம், நானும்தான். யூரியா எறிந்த கையோடு வாய்க்கால் முட்ட இறைத்தால் காசும் சேர்ந்து கிணற்றுக்குள் போகும். அதற்காக யூரியாவே கூடாது என்று படிப்பிக்க வேண்டாம். 2021இல் அரசாங்கத்தில் இரசாயனப் பசளைக்கு ஒரேயடியாகத் தடை என்றார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் நாங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும்.

ஆய்வுகூடத்து அக்கா:
ஒன்றை மறக்காதீங்கோ தங்கச்சி. "கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகப் போவதால் செறிவு கூடும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குத்தான் கூடுதல் ஆபத்து, இரத்தம் ஒட்சிசன் காவுவது குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். அந்தத் தம்பிக்கு வேறு தண்ணீர்தான் வேணும்.

கோப்பாய்க்காரி:
பாடம் முடிந்தது. செம்மண்ணை அந்தப் பிள்ளையே தங்கட தோட்டத்திலிருந்து ஷொப்பிங் பையில் கொண்டுவந்தாள். அந்தப் போத்தல் வடிந்து முடிந்தபோது களிமண்ணுக்கு மேல் தண்ணீர் குளமாக நின்றது. பெடியள் வாங்கில் ஏறி நின்று பார்த்தார்கள். நேரம் பத்து நிமிடம் கூடிவிட்டது என்று விரிவுரையாளர் புள்ளி குறைத்தார், சரி.

இன்று காலை கேற்றடியில் பிள்ளை பிடித்துக்கொண்டாள். "அப்பாட்டச் சொன்னனான் ரீச்சர். யூரியாவைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறாராம். இறைப்பை மட்டும் குறைக்க மாட்டாராம். உங்களை ஒருக்கா தோட்டத்துக்கு வரட்டாம்."