குவில்ட் தைத்தபின் மிஞ்சும் பேட்டிங் துண்டுகளை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: பாம்பனிலிருந்து

மூன்று ஆண்டுகளாக வீட்டில் குவில்ட், அதாவது இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் விரிப்பு, தைத்து வருகிறேன். ஒவ்வொரு விரிப்பையும் முடிக்கும்போது நான்கு ஓரங்களிலும் வெட்டியெடுத்த பேட்டிங் (நடுவே வைக்கும் அந்தப் பஞ்சு அடுக்கு) துண்டுகள், எறிய மனம் வராமல், இப்போது இரண்டு சாக்கு நிறையச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலானவை கையகல நீளத் துண்டுகள். பருத்தியும் பாலியஸ்டரும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

சென்ற மாதம் இவற்றில் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏற்றி வைத்துத் தைத்து, என் அக்கா மகனுக்கு ஒரு தரை விரிப்புச் செய்தேன். தைத்த அன்று நன்றாகவே இருந்தது. ஒரு முறை துவைத்ததும் இணைத்த இடமெல்லாம் வரப்புப் போலத் தடித்து நிற்க, ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தொய்ந்துவிட்டது. தவழும் பிள்ளையின் முழங்கால் அந்த வரப்பில் இடிபடுவதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. துண்டுகளை இணைக்கச் சரியான முறை எது? இணைக்க இயலாத சிறு துண்டுகளை எதற்குப் பயன்படுத்தலாம்? மழைக்காலத்தில் சாக்கில் எழும் பூஞ்சை வாடைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

மறுமொழி: கீழக்கரையிலிருந்து

தங்கச்சி, உங்கள் விரிப்பில் இரண்டு தவறுகள் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. வரப்புக்குக் காரணம் ஏற்றித் தைத்தது. சுருக்கத்துக்குக் காரணம் இரண்டு வகைப் பஞ்சையும் ஒரே விரிப்பில் சேர்த்தது. பருத்தி பேட்டிங் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடியது. 40 அங்குல நீளத்துக்கு 2 அங்குலம் வரை குறைந்துவிடும். பாலியஸ்டர் அப்படிச் சுருங்காது. ஆகவே முதல் வேலை, சாக்கைக் கொட்டி வகை பிரிப்பதுதான். தொட்டுப் பார்த்துத் தெரியாவிட்டால், ஒரு நூலளவு பிய்த்து இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

பிரித்தபின், ஒரே வகையும் ஒரே கனமும் உள்ள துண்டுகளை எடுத்து, ஓரங்களை அளவுகோல் வைத்து நேராக வெட்டி, ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு தொடும்படி வைத்து, அகலமான ஜிக்ஜாக் தையல் போடுங்கள். ஊசி ஒரு முறை இந்தத் துண்டிலும் மறுமுறை அந்தத் துண்டிலும் இறங்க வேண்டும். உங்களிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கால் மிஷின் என்றால் கையாலேயே இணைக்கலாம். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். நூலை மட்டும் இறுக்கக் கூடாது. இறுக்கினால் இரண்டு விளிம்புகளும் எழும்பி மறுபடியும் வரப்பாகிவிடும். இணைத்த பேட்டிங்கை மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வைத்துத் தைக்கும்போது, தையல் வரிகளை 3 அல்லது 4 அங்குல இடைவெளியில் நெருக்கமாகப் போட்டால் இணைப்புகள் துவைப்பில் பிரியாமல் நிற்கும்.

சிறு துண்டுகளில் பருத்தியை அடுப்படிக்கு ஒதுக்குங்கள். இரண்டு அடுக்குப் பருத்தித் துண்டுகளை உள்ளே வைத்துத் தைத்த கரித்துணி, சட்டியை இறக்க நல்ல துணை; ஈரமாக இருக்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள், சூடு நொடியில் கைக்கு ஏறிவிடும். பாலியஸ்டரை இதற்கு ஒருபோதும் வைக்காதீர்கள், அது சூட்டில் இளகிவிடும். என் உம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், தொழுகை விரிப்பில் முழங்கால் படும் இடத்தில் மட்டும் ஒரு கூடுதல் அடுக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்குக் கையகலத் துண்டுகளே போதுமானவையாக இருந்தன. பனையோலைக் கொட்டானில் கண்ணாடி வளையல் வைப்பவர்கள் அடியில் ஒரு துண்டு தைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: தொண்டியிலிருந்து

ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தைக்குப் பருத்தியை அடைக்காதீர்கள். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம் மட்டுமே. நம் கடற்காற்றில் இது பெரிய வித்தியாசம். பருத்தி அடைத்த மெத்தையில் நான் வைத்திருந்த ஊசிகள் ஒரே மழைக்காலத்தில் துருவேறி, மேல்துணியில் செம்புள்ளிகள் விழுந்தன. தலையணைக்கு அடைப்பதானால், துண்டுகளை அப்படியே திணிக்காமல் கையால் மெல்லப் பிய்த்து உதிர்த்து அடையுங்கள். இல்லையென்றால் கட்டி தட்டிவிடும்.

மறுமொழி: தேவிபட்டினத்திலிருந்து

வாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துண்டுகளை உப்பு கலந்த கிணற்றுத் தண்ணீரில் அலசியிருந்தால், உலர்ந்தபின்பும் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே இரண்டு நாள் முழு வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின், பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய பருத்தித் தலையணை உறைக்குள் போட்டுத் தரையில் படாமல் பரண்மேல் வையுங்கள்.

கேட்டவரின் பதில்: பாம்பனிலிருந்து

அக்காமார் அனைவருக்கும் நன்றி. இன்று சாக்கைக் கொட்டிப் பிரித்தேன். முக்கால் பங்கு பருத்தியாகவே இருந்தது. பிள்ளையின் விரிப்பைப் பிரித்து, பாலியஸ்டரை நீக்கிவிட்டு, பருத்தித் துண்டுகளை விளிம்போடு விளிம்பாகக் கையால் இணைத்து வருகிறேன். முதல் இரண்டு இணைப்புகளின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தையல் இருக்கும் இடமே தட்டுப்படவில்லை.